மாப்பிள்ளை போட்ட ஓட்டை

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் என் மாமியார் என்னோடு முதன்முதலாகப் பேசினார். நலம் விசாரிக்கவில்லை. துஆ செய்யவில்லை. வாசலில் நின்ற லோடு ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாடைக்காற்று சந்துக்குள் புகுந்து கைலியைத் தூக்கியது. ஏசிப் பெட்டியின் ஒரு முனை என் கையில், மறு முனை ஆட்டோக்காரர் கையில். மாமனார் கதவோரம் நின்று தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். என் மனைவி நஸீமாவின் முகம் நனைந்திருந்தது. அது மழையா அழுகையா என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த ஏசியை என் உம்மா வீட்டிலேயே கொண்டுபோய் மாட்டுவேன், இனி இந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன் என்று வைராக்கியத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. அது என்ன சொன்னது, ஏன் சொன்னது என்பதற்கு முன்னால் நீங்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போன வாரம் எங்கள் கேம்ப் சமையல்காரரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். அவர் சாம்பார் உண்மையிலேயே அவ்வளவு மோசமா என்று கேட்டார்கள். அதைவிட மோசம். பத்திரிகையில் அச்சடிக்க முடிந்த அளவுக்குத்தான் எழுதினேன். இந்த வாரம் சவூதியை விட்டு வீட்டுக்கு வருவோம். என் வீடு என்று சொல்ல நாக்கு வராது. மனைவி வீடு.

எழுபது வயது மாப்பிள்ளை

எனக்கு ஊர் திருப்பாலைக்குடி. வாப்பா கடலுக்குப் போனவர். பெண் எடுத்தது கீழக்கரையில். அங்கே பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். எங்கள் தெருவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். வாயில் பல் கிடையாது, பேரனுக்கே கல்யாணமாகிவிட்டது. இன்னும் தெருவுக்கு அவர் 'மாப்பிள்ளை'தான். பந்தியில் நல்ல கறித்துண்டு இன்னமும் அவருக்குத்தான் போகிறது. அவரால் கடிக்கத்தான் முடியவில்லை.

மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று ஒரு சொல் அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்காகவே மரியாதை தெரிந்த மாப்பிள்ளை எதையும் கேட்க மாட்டான். இப்படி இரண்டு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டு, கோழி பொரித்து ஊட்டி ஊட்டி ஓர் ஆளை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் விருந்தாளியாகவே வைத்திருக்கலாம்.

மாமியார் விஷயம் இன்னும் விசேஷம். என் மாமி பழைய முறை. மருமகன் முன்னால் வர மாட்டார், நேராகப் பேச மாட்டார். என்னிடம் சொல்ல வேண்டியதை வீட்டுப் பூனையிடம் சொல்வார். "மீன் ஆணம் ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்பார் பூனையிடம். பூனை எதையும் சொல்லாது. நான் எழுந்து சாப்பிடப் போவேன். சாப்பிட்டுவிட்டு, ஆணம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு என்று நானும் பூனையிடம் சொல்வேன். ஒருமுறை அந்தப் பூனை குட்டி போட்டுவிட்டு மச்சுக்குப் போய்விட்டது. அது இறங்கி வருகிறவரை மாமி பிரிட்ஜிடம் பேசினார். பிரிட்ஜிடம் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்ததால் அந்த நாட்களில் தலையை மட்டும் ஆட்டினேன்.

குறை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டில் அவர்களுடையது. மெத்தை அவர்களுடையது. குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டுகூட ஒவ்வொரு லீவுக்கும் அவர்கள் வாங்கி வைத்த புதுத் துண்டு. தம்மாமில் நான் ஏசி மெக்கானிக். ஊரான் வீட்டையெல்லாம் குளிரவைத்துவிட்டு ராத்திரி கேம்பில் வியர்த்துக்கொண்டு படுக்கிறவன். அந்த அறையில் என் கையால் ஒரு ஏசி மாட்டிவிட்டால், அந்த ஒரு பொருளாவது அந்த வீட்டில் என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆசை அவ்வளவுதான்.

ஒன்றரை அடிச் சுவர்

ஆட்டோ வந்த லீவுக்கு முந்தைய லீவில் ஆரம்பித்தேன். முதலில் குழாய் போக ஓட்டை. அந்த வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். சாதாரண டிரில் அதற்குக் கிச்சுகிச்சுதான் மூட்டும். ராமநாதபுரத்தில் ஒரு கூட்டாளியிடம் பெரிய மெஷினை இரவல் வாங்கிவந்து போட்டேன். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. மாமி பூனையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

தற்பெருமை என்று நினைக்காதீர்கள், அது அருமையான ஓட்டை. வாடை அடிக்காத தெற்குச் சுவர். மேலே சன்ஷேடு. உள்ளேயிருந்து வெளியே கொஞ்சம் சரிவு கொடுத்து, ஒரு சொட்டு மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி போட்டிருந்தேன். தம்மாமில் எத்தனையோ ஓட்டை போட்டிருக்கிறேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. ஓட்டையை யார் பாராட்டுவார்கள்.

ஏசி வாங்குவதற்குள் கம்பெனியிலிருந்து போன். இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், உடனே வா என்றார்கள். ஓட்டையை அடைத்து வை என்று நஸீமாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். தம்மாமில் பெட்டியைத் திறந்தால் என் நீலக் கட்டம் போட்ட கைலியைக் காணோம். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகியிருந்த கைலி. கேம்பில் என்னோடு படுக்கிற இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன். ஒருவனோடு கொஞ்ச நாள் பேசக்கூட இல்லை.

தினம் ஒரு சாக்கு

அடுத்த லீவு சரியான மழைக்காலத்தில் கிடைத்தது. மழையில் எதற்கு ஏசி என்று கேட்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு லீவு கிடைக்கிற மாதம்தான் வேலை செய்கிற மாதம். இறங்கின இரண்டாம் நாளே ராமநாதபுரம் போய் ஏசியை வாங்கி வந்து அறையில் வைத்தேன்.

அங்கே ஒரு மாற்றம். ஓட்டை இருந்த இடத்தில், மக்காவின் படம் நெய்த பெரிய விரிப்பு ஒன்று தொங்கியது. நஸீமாவின் பெரியம்மா உம்ரா போய்வந்தபோது கொடுத்ததாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஏசி மாட்ட எந்த மாப்பிள்ளைக்குத் துணிவு வரும்? யோசித்துத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றாள் நஸீமா. எங்களுக்கு ஏது செவ்வாய்க்கிழமை? அதற்கடுத்த நாள் வோல்டேஜ் சரியில்லை. அதற்கடுத்த நாள் மாமாவுக்குத் தலைவலி, தட்டுகிற சத்தம் ஆகாது. பிறகு மழை. பிறகு மழை விட்டுவிட்டது, ஈரச் சுவர் காயட்டும். ஒரு நாள் பூனைக்கு உடம்பு சரியில்லை என்று பூனை வழியாகவே எனக்குச் செய்தி வந்தது.

விடியற்காலையில் சுவருக்குள் கிசுகிசுவென்று ஏதோ சத்தம் கேட்டது. என்ன என்றேன். உங்கள் போன் என்றாள். என் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. எலியோ என்றேன். எலியாகவே இருக்கட்டும், நீங்கள் தூங்குங்கள் என்று போர்வையை என் தலைக்கு மேல்வரை இழுத்துவிட்டாள்.

இன்னொரு வேடிக்கை. தினமும் அஸர் தொழுகை முடிந்தால் மாமா வந்து நிற்பார், கடற்கரைக்கு ஒரு நடை போகலாம் மாப்ளே என்று. போகாவிட்டால் விட மாட்டார். வாடைக்காற்றில் பல் கிடுகிடுக்க படகு கட்டுகிற ஜெட்டிப் பாலம் பக்கம் நடந்து, டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து, மஃரிபைப் பள்ளியிலேயே தொழவைத்து, நன்றாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிவருவார். என் சொந்த வாப்பாகூட என்னை அப்படி நடத்திக்கொண்டு போனதில்லை. முதல் இரண்டு நாள் பாசம் என்று நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்தது.

நான் அடித்த ஜோக்

ஒருநாள் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தோம். மின்கம்பி நெடுக வடக்கேயிருந்து வந்த தகைவிலான் குருவிகள், மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"குருவின்னா உங்களுக்குப் புடிக்குமா மாப்ளே?" என்றார்.

அவ்வளவு பெரிய மனுஷர் இதைக் கேட்க ஒரு வாரம் தைரியம் சேர்த்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. வாயும் சும்மா இருக்காது.

"மெளகு போட்டு சூப்பு வச்சா நல்லாத்தான் இருக்கும் மாமா" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. பஜ்ஜியைப் பாதியில் காகிதத்தோடு மடித்துவிட்டார். அன்று ராத்திரி மாமி பூனையிடம் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

உண்மையில் எனக்கும் குருவிக்கும் ஒரு பகையும் இல்லை. சின்ன வயதில் வாப்பாவோடு வத்தைப் படகில் மீன்பிடிக்கப் போயிருக்கிறேன். குளிர்காலம் தொடங்குகிற நாட்களில், கரை தெரியாத இடத்தில், வாலாட்டிக் குருவி ஒன்று எங்கிருந்தோ வந்து கயிற்றின்மேல் விழும். பறந்து வந்தது என்று சொல்ல முடியாது, விழுந்ததுதான். எடை என்றால் ஒரு நண்டுக்குஞ்சு எடைகூட இருக்காது. எந்தத் தேசத்திலிருந்து கிளம்பியதோ. வாப்பா ஒருவரையும் அசைய விட மாட்டார். பீடி பற்றவைக்கவும் தடை. அது கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடக்கும். பிறகு வாலை ஆட்டிக்கொண்டு, மீன்மேல் மொய்க்கிற ஈயை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். கரை கண்ணில் பட்டதும், கொண்டுவந்து சேர்த்தவனுக்கு ஒரு சலாம்கூடச் சொல்லாமல் பறந்துவிடும். அதுவும் கரை தேடி வந்ததுதானே, போகட்டும் என்பார் வாப்பா.

இதை மாமாவிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். சூப்பைச் சொன்னேன்.

சுவர் யாருடையது

மறுநாள் காலையில் மாமா வாசலில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஏசி இன்னும் மாட்டவில்லையா என்று அவர் கேட்டார்.

"அது கெடக்கு. மாப்ள லீவு முடிஞ்சு போயிருவாக, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார் மாமா.

அப்படியா விஷயம். நான் போகிறவன். வருவேன், தின்பேன், புதுத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விடுவேன். என் பொருள் ஒன்று அந்தச் சுவரில் ஏறுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதை முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாமல் நடையும் பஜ்ஜியுமாக இழுத்தடிக்கிறார்கள். பகலெல்லாம் இதையே அசைபோட்டேன். கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. நஸீமாவிடம்கூட வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே, மாப்பிள்ளை அல்லவா.

அஸர் முடிந்து மாமா நடைக்குக் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன். அவர் முகம் வெளுத்தது. நான் போனை எடுத்து லோடு ஆட்டோவுக்குச் சொன்னேன். திருப்பாலைக்குடிக்கு ஒரு ஏசி போக வேண்டும், உடனே வா என்று.

மாப்பிள்ளை கொண்டுவந்த சாமானை மாப்பிள்ளையே திரும்பத் தூக்கிக்கொண்டு போனால் தெரு என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். நஸீமா கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். வேண்டாம் மச்சான், ராத்திரி சொல்றேன், ராத்திரி எல்லாத்தையும் சொல்றேன் என்றாள். மூன்று வருஷமாகச் சொல்லாததை ராத்திரி என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

வண்டியைத் தள்ளி நிறுத்துங்க

இப்படியாக நாம் வாசற்படிக்கு வந்துவிட்டோம். ஆட்டோ தெற்குச் சுவருக்கு நேராக, விளக்கைப் போட்டுக்கொண்டு, என்ஜின் குடுகுடுவென்று ஓடியபடி நிற்கிறது. பெட்டி எங்கள் இருவர் கையில் இருக்கிறது.

"அந்த வண்டியக் கொஞ்சம் அங்கன தள்ளி நிப்பாட்டச் சொல்லுங்க வாப்பா. லைட்ட அமத்தச் சொல்லுங்க. குருவியெல்லாம் நனையுது."

பூனை மச்சுப்படியில் தூங்கிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் உள்ளே இருந்தது. அந்த வார்த்தையும், மகனைக் கூப்பிடுகிற மாதிரியான அந்த 'வாப்பா'வும் எனக்குத்தான். மாமி திரையை விலக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி, படிவரை வந்து நின்றிருந்தார். மூன்று வருஷத்தில் அவர் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். நஸீமாவின் மூக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். துணிக்கொடியில் குருவிகள். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. மண் நிறம், வெள்ளைத் தொண்டை, கறுத்துக் கூர்மையான வால், உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகு. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, இடைவெளியே இல்லாமல், நனைந்து சிலிர்த்துக்கொண்டிருந்தன. ஒன்று எழும்பிச் சுவர்ப் பக்கம் வரும், விளக்கைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடும். எல்லாம் பார்த்தது நான் போட்ட ஓட்டையை. அதன் வாயில் உலர்ந்த புல்லைத் திணித்து அவையே வாசல் கட்டியிருந்தன.

பெட்டியைக் கீழே வைத்தோம். ஆட்டோக்காரரே ஓடிப்போய் விளக்கை அணைத்து வண்டியைப் பின்னால் தள்ளினார். மாமா தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று போனது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எத்தனை என்று இன்றுவரை எங்கள் வீட்டில் சண்டை இருக்கிறது. மாமா ஒன்பது என்பார், நஸீமா பதினொன்று என்பாள், மாமி எண்ணக் கூடாது, கண்பட்டுவிடும் என்பார். கடைசியில் வந்ததற்கு இடம் பத்தவில்லை. தலையை உள்ளே நுழைத்துத் தள்ளியது. எங்கோ உள்ளே நெருக்கடி ஏற்பட்டு, வாயருகே இருந்த ஒன்று பிதுங்கி வெளியே வந்து விழப்பார்த்தது. அது கோபமாக 'டிர்ர்' என்றுவிட்டு, மற்றவற்றின் முதுகில் ஏறி நடுவுக்குப் போய்விட்டது. நடு இடம்தானே கதகதப்பு. பிறகு ஓரத்தில் இருந்தது நடுவுக்கு. இப்படியே கொஞ்ச நேரம் உள்ளே சலசலப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புயல் நாட்களில் திருப்பாலைக்குடியில் நாங்கள் அண்ணன் தம்பிகள் ஒரே பாயில் படுப்போம். ஓரத்தில் படுத்தவன் எல்லாரும் தூங்கியதும் ஏறி மிதித்து நடுவுக்கு வருவான். நான்தான் அந்த ஓரத்துக்காரன்.

"மாஷா அல்லாஹ், நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கு. காத்து இல்ல, சாரல் இல்ல" என்றார் ஆட்டோக்காரர்.

என் ஓட்டைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. என்னை அறியாமல், சரிவு கொடுத்துப் போட்டது என்று சொல்லிவிட்டேன்.

நீலக் கட்டம்

அறைக்குள் போய் விரிப்பை மெதுவாக விலக்கினாள் நஸீமா. ஓட்டையின் உள்பக்க வாயில் என் நீலக் கட்டக் கைலி அடைத்திருந்தது. கேம்பில் நான் பேசாமல் விட்டவன் முகம் கண்முன் வந்து போனது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எப்படிச் சொல்வது என்றாள். நீங்கள் ஓட்டையைக் கேட்டால் இல்லை என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் கிடையாது. கேட்டுவிட்டால் குருவிகளை விரட்டித்தான் ஆக வேண்டும். அதனால் நீங்கள் கேட்காமலே இருக்க வேண்டும் என்றுதான் குருவி அடைகிற நேரத்தில் வாப்பா தினமும் உங்களோடு வாடையில் நடந்தார், அவருக்கு முட்டிவலி தெரியுமா என்றாள். அதற்குமேல் நீங்கள் சூப்பு வைக்கலாம் என்று வேறு சொன்னீர்களாம்.

அவர்கள் என் மரியாதைக்குப் பயந்தார்கள். நான் அவர்கள் மரியாதையில் பொசுங்கினேன். நடுவில் ஒரு ஓட்டை. சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் நஸீமா சிரிக்கவில்லை. கைலியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போனப்புறம் இந்த ரூம்ல தனியாப் படுக்கவே பிடிக்கல மச்சான். மழை தொடங்கினப்புறம் இதுக வந்துச்சு. ராத்திரி காதை வச்சா உள்ளுக்க ஏதோ பேசிக்கிட்டே இருக்கும். அதக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்குவேன்" என்றாள்.

நானும் கைலியில் காதை வைத்தேன். அந்தக் கிசுகிசுப்பு கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கியது.

அதன் பெயர் வெண்தொண்டைச் சில்லை என்று பிறகு அவளே போனில் தேடிச் சொன்னாள். குளிர்நாட்களில் இப்படிக் கூட்டமாக ஒரே கூட்டில் அடைந்து தூங்குமாம், தூக்கணாங்குருவி விட்டுப்போன கூடு கிடைத்தால் அதிலும் குடிபுகுமாம். அடுத்தவன் கட்டிய வீட்டில் போய் இருக்கிற ஜாதி. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

மரியாதை போன கதை

வாய் திறந்த மாமியார் அப்புறம் மூடவில்லை. ஏசியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டார். கிழக்குச் சுவர். நான் வேண்டாம் என்றேன், வெயில் அடிக்கும். அவர் அதுதான் என்றார். மாட்டினேன். நாலு விரற்கடை மேலே ஏற்றச் சொன்னார். கழற்றி ஏற்றி மாட்டினேன். முதலில் இருந்த இடமே நன்றாக இருந்தது என்றார். மாமா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

அந்த வாரத்துக்குள் நான் சமையலறைக் குழாயைச் சரிசெய்தேன், தேங்காய் உரித்தேன், பூனைக்கு மத்திமீன் வாங்கப் போனேன். கோழி நின்றுபோய் ரசமும் கருவாடும் வந்தது. குளித்துவிட்டு வந்தால் கொடியில் பழைய துண்டு. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு மாமி என்னை ஏசினார். "இது என்ன பழக்கம் வாப்பா" என்று, நேராக, முகத்தைப் பார்த்து. நஸீமா பயந்து போய் என்னைப் பார்த்தாள். எனக்கு என்னவோ பெருநாள் போல இருந்தது.

மாட்டி வைத்த ஏசியை அந்த லீவில் ஒருநாள்கூடப் போடவில்லை. சுவர் அதிர்ந்தால் குருவி மிரளும் என்று தடை. பூப்போட்ட துணியால் அதை மூடி வைத்தார்கள். கோடையில் குருவிகள் கலைந்து போனபோது நான் தம்மாமில் இருந்தேன். அந்த ஏசிக்குக் கீழே அப்போது யார் படுத்தார் என்றால், என் மாமி. தண்ணீர் சொட்டுகிறது, என்னத்தை மாட்டினீர்கள் என்று எனக்கே போன் போட்டுப் புகார் சொன்னார்.

போன மாதம் நான் ஒரு வில்லாவின் மொட்டைமாடியில் வேலையாக இருந்தபோது மறுபடியும் அவர் போன். சலாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கினார். அவ்வளவு பேசுகிறவர் தயங்கியதும் எனக்குப் பக்கென்றது.

"இந்த வருசம் கூடுதலா வந்திருக்கு வாப்பா. ஓட்டை பத்தல. கடைசியா வாரது கொடியிலயே ஒக்காந்து நனையுது. லீவுக்கு வந்தா பக்கத்துலயே இன்னொன்னு போட்டுத் தாறீகளா?"

மருமகனிடம் மாமியார் எதையும் கேட்பது அந்தத் தெருவில் வழக்கமே இல்லை. என் மாமியும் அதற்குமுன் கேட்டதில்லை. கேட்டதும் தங்கமா, நிலமா? ஒரு ஓட்டை. சரி மாமி, வாரேன் என்றேன். அந்தக் கைலியைப்போல இன்னொரு கைலியை இங்கே இப்போதே துவைத்துத் துவைத்து மெதுவாக்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் மேனேஜரிடம் லீவு கேட்டுப் போய் நின்றேன். ஊருக்குப் போகிற சீசன் இல்லாத நேரத்தில் என்ன அவசரம் என்றார். வீட்டில் ஒரு வேலை கிடக்கிறது என்றேன்.

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் வீடு என்று சொல்லியிருப்பேன்.